கஞ்சா அடித்தால் படித்தது ஏன் மனதில் பதிவதில்லை?

புது நினைவுகளைப் பதியவைக்கும் மூளைப்பகுதி ஹிப்போகாம்பஸ். அங்கே சேதி பெறும் நரம்பணு, அனுப்பும் அணுவிடம் ‘போதும்’ என்று சொல்ல ஆனந்தமைடு போன்ற பொருள்களைச் சுரக்கும். (ஆனந்தமைடை 1992இல் கண்டுபிடித்தவர்கள் ‘ஆனந்தம்’ என்பதிலிருந்தே பெயர் வைத்தார்கள்.) பந்தியில் இலைமேல் கையை மறித்துப் ‘போதும்’ என்போமே, அதேதான். தேவைப்பட்ட இலையில் மட்டும், கொஞ்ச நேரம். பிறகு கை விலகிவிடும்.

கஞ்சாவில் போதை தரும் பொருளான டிஎச்சியோ (THC), ஆனந்தமைடு ஒட்டும் அதே சிபி1 (CB1) ஏற்பிகளில், அதாவது அனுப்பும் அணுவில் ‘போதும்’ சேதியை ஏற்கும் இடங்களில் ஒட்டி, எல்லா இலைகளையும் மணிக்கணக்கில் மறித்துக்கொள்கிறது. சாம்பாரே விழாது! பேசத் தொடங்கிய வாக்கியம் பாதியில் மறப்பது இதனால்தான். தினமும் புகைத்தால் ஏற்பிகளின் எண்ணிக்கையே குறையும். நிறுத்தினால் சில வாரங்களில் பெரும்பாலும் மீளும்.

‘பழைய நினைவெல்லாம் அழிந்துவிடும்’ என்பது தவறான எண்ணம்: முன்பே பதிந்தது பெரும்பாலும் அப்படியே இருக்கும், புதிதாகப் பதிவதுதான் தடைபடும்.