துர்க்மெனிஸ்தான் பயணத் திட்டம்: கேள்வியும் பதிலும்

கேள்வி (மதுரை வாசகர்): முகவர் எவரையும் நாடாமல், இந்தியக் கடவுச்சீட்டுடன் தனியாகத் துர்க்மெனிஸ்தான் சென்று வர இயலுமா?

பதில்: சுற்றுலா விசாவில் இயலாது. அந்நாட்டில் பதிவு பெற்ற பயண நிறுவனம் ஒன்றில் வழிகாட்டியுடன் கூடிய பயணத்தை முன்பதிவு செய்ய வேண்டும். அந்நிறுவனம் உங்கள் சார்பில் விண்ணப்பித்து அரசிடமிருந்து அழைப்புக் கடிதம் பெற்றுத் தரும். அக்கடிதத்தைக் காட்டித் தூதரகத்திலோ, தலைநகர் அஷ்காபாத்தின் விமான நிலையத்திலோ, தரைவழி எல்லைச் சாவடியிலோ டாலரில் கட்டணம் செலுத்தி விசா பெறலாம். கடிதம் வந்து சேரச் சில வாரங்கள் ஆகும். காரணம் சொல்லாமல் மறுப்பதும் உண்டு. ஆகையால், கடிதம் கைக்கு வரும் முன் பணம் திரும்பக் கிடைக்காத விமானச் சீட்டை வாங்காதீர்கள். விசா நடைமுறையில் மாற்றங்கள் பேசப்பட்டு வருவதால், விண்ணப்பிக்கும் வேளையில் புதுதில்லியிலுள்ள துர்க்மெனிஸ்தான் தூதரகத்தில் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி (கோயம்புத்தூர் வாசகர்): வேறொரு நாட்டுக்குப் போகும் வழியில் கடந்து செல்வதற்கான கடப்பு விசா எடுத்தால் வழிகாட்டி தேவையில்லை என்கிறார்களே?

பதில்: உண்மைதான். ஆனால் நுழையும் இடம், வெளியேறும் இடம், செல்லும் பாதை ஆகியவற்றை முன்கூட்டியே குறிப்பிட வேண்டும். சில நாள்களே தருவார்கள். அடுத்து நுழையப்போகும் நாட்டின் விசாவும் கையில் இருக்க வேண்டும். விண்ணப்பம் நிராகரிக்கப்படும் வாய்ப்பும் அதிகம். விடுப்பு எடுத்துக்கொண்டு புறப்படும் ஒருவருக்கு இந்தச் சூதாட்டத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி (சென்னை வாசகர்): எந்த வழியாக நுழைந்து எந்த வழியாக வெளியேறுவது நல்லது? ஒரு வாரம் போதுமா?

பதில்: ஒரு வாரம் தாராளமாகப் போதும். துபாய் அல்லது இஸ்தான்புல் வழியாக நேரே அஷ்காபாத்தில் இறங்கலாம் என்றாலும், உஸ்பெகிஸ்தானையும் சேர்த்துக்கொள்வதே அறிவுடைமை. கிவாவைப் பார்த்துவிட்டு எல்லை கடந்து தஷோகுஸ் மாகாணத்தில் நுழையுங்கள், முதலில் குன்யா-உர்கெஞ்ச். பழைய குவாரசம் நாட்டின் தலைநகரான அங்கே சுமார் 60 மீட்டர் உயரமுள்ள குத்லுக் தைமூர் மினார் நிற்கிறது. ‘துராபெக் கானும்’ எனப்படும் கல்லறை மாடத்தின் குவிமாட உட்புறத்தில் ஓடு பதித்த சித்திர வேலைப்பாட்டை நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். அங்கிருந்து தெற்கே காராகும் பாலைவனத்தின் ஊடாக, தீ எரிந்துகொண்டிருக்கும் தர்வாசா எரிவாயுக் குழிக்குச் சென்று, அருகிலுள்ள கூடார விடுதியில் இரவு தங்கி, மறுநாள் அஷ்காபாத். பின்னர் கிழக்கே மாரி, அதனருகே இடிபாடுகளாகக் கிடக்கும் பழைய நகரமான மெர்வ், துர்க்மெனாபாத் வழியாக எல்லை கடந்தால் புகாரா. வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை என்பதே இப்பாதையின் சிறப்பு. ஒன்றை மறந்துவிடக் கூடாது: உஸ்பெகிஸ்தானுக்குள் இருமுறை நுழைகிறீர்கள், எனவே அந்நாட்டின் மின்விசாவை ஒற்றை நுழைவுக்கு எடுத்தால் புகாரா எல்லையில் மாட்டிக்கொள்வீர்கள்.

கேள்வி (திருச்சி வாசகர்): எரிவாயுக் குழி அணையப்போகிறது என்று செய்தி வந்ததே, இன்னும் பார்க்கத்தக்கதாக இருக்கிறதா?

பதில்: சுமார் 70 மீட்டர் அகலமுள்ள குழி அது. 1971இல் சோவியத் துளையிடும் பணியின்போது நிலம் உள்வாங்கியது என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. அதற்கு உறுதியான ஆவணம் இல்லை. குழியை அணைக்க வழி காணுமாறு 2022இல் அரசு உத்தரவிட்டது. சுற்றிலும் கிணறுகள் அமைத்து எரிவாயுவை உறிஞ்சுவதால் தீ இப்போது வெகுவாகத் தணிந்துவிட்டது. பழைய நிழற்படங்களை நம்பிச் சென்றால் ஏமாற்றமே மிஞ்சும்.

என்னைக் கேட்டால், அங்கே மிச்சமாகும் நேரத்தை மெர்வுக்குக் கொடுங்கள். பொதுவாகப் பழைய நகரங்கள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டப்படும். மெர்விலோ ஒவ்வொரு காலத்திலும் நகரம் பக்கத்து நிலத்துக்கு நகர்ந்தது. அதனால் எர்க் காலா, கியாவுர் காலா, சுல்தான் காலா என வெவ்வேறு நூற்றாண்டுகளின் மதில் சூழ்ந்த நகரங்கள் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. 12ஆம் நூற்றாண்டில் உலகின் பெருநகரங்களுள் ஒன்றாக இருந்த இதனை 1221இல் மங்கோலியர் அழித்தனர். செல்ஜுக் மன்னர் சுல்தான் சஞ்சாரின் கல்லறை மாடம் இன்றும் நிற்கிறது. அஷ்காபாத்திலிருந்து காலையில் கிளம்பி மாலையில் திரும்பும் திட்டத்தை நிறுவனங்கள் முன்வைக்கும், ஏற்காதீர்கள். மாரியில் ஓர் இரவு தங்கினால்தான் வெயில் ஏறும் முன் இடிபாடுகளுக்கிடையே நடக்க முடியும்.

கேள்வி (ஈரோடு வாசகர்): பணத்துக்கு என்ன ஏற்பாடு செய்வது?

பதில்: கறையோ கிழிசலோ இல்லாத புதிய டாலர் தாள்கள். வங்கி அட்டையை நம்பவே வேண்டாம். அதிகாரபூர்வ விலை ஒரு டாலருக்கு 3.5 மனாத், வெளிச்சந்தையில் அதைவிடப் பல மடங்கு கிடைக்கும் என்றாலும் அது சட்டத்துக்குப் புறம்பானது. தங்குமிடம், வாகனம், வழிகாட்டி யாவும் பயணக் கட்டணத்திலேயே அடங்குமாறு பேசிக்கொண்டால் உள்ளூர்ச் செலவு மிகக் குறைவே.

கேள்வி (மயிலாடுதுறை வாசகர்): நான் முட்டைகூட உண்ணாதவன். பட்டினி கிடக்க நேருமா?

பதில்: நேராது, ஆனால் சலிப்புத் தட்டும். தந்தூர் அடுப்பில் சுட்ட சோரெக் ரொட்டி, கீரை அல்லது பூசணி உள்ளே வைத்துச் சுட்ட குத்தாப் அப்பம், தக்காளி, வெள்ளரிக்காய், தயிர், கோடையில் முலாம்பழம் ஆகியவை கிடைக்கும். புலாவ் சோற்றிலிருந்து இறைச்சியைப் பொறுக்கி எடுத்துவிட்டுப் பரிமாறுவதையும் அங்கே சைவம் என்றே கருதக்கூடும். வழிகாட்டியிடம் முன்பே விளக்கிவிடுங்கள். ஊறுகாயும் பருப்புப் பொடியும் பையில் இருக்கட்டும்.

கேள்வி (சேலம் வாசகர்): அலைபேசி, நிழற்படக் கருவி, மருந்துகள் குறித்துக் கட்டுப்பாடுகள் உண்டா?

பதில்: உண்டு. வாட்ஸ்அப், யூடியூப், ஃபேஸ்புக் ஆகியவை முடக்கப்பட்டுள்ளன. வீட்டாரிடம் சில நாள்கள் தொடர்பு இருக்காது என்று முன்பே சொல்லிவிடுங்கள். அதிபர் மாளிகை, அரசுக் கட்டடங்கள், காவலர், எல்லைச் சாவடி ஆகியவற்றைப் படம் எடுக்கக் கூடாது. வெள்ளைப் பளிங்கு போர்த்திய அஷ்காபாத்தில் எது அரசுக் கட்டடம் என்று கண்டுபிடிப்பதே கடினம் என்பதால், ஐயம் எழுந்தால் கேட்டுவிட்டு எடுங்கள். டிராமடால், கோடீன் கலந்த வலி மருந்துகளைக் கொண்டுசெல்லாதீர்கள். மற்றவற்றுக்கு மருத்துவர் சீட்டு இருக்கட்டும்.

கேள்வி (தஞ்சாவூர் வாசகர்): எந்த மாதம் ஏற்றது? அகால்-தெக்கே குதிரைகளைப் பார்க்க இயலுமா?

பதில்: ஏப்ரல், மே அல்லது செப்டம்பர் பிற்பகுதி, அக்டோபர். சூலையில் பாலைவனம் 45 பாகையைத் தாண்டும். சனவரியில் உறைநிலைக்குக் கீழே போகும். ஏப்ரல் கடைசி ஞாயிற்றுக்கிழமை அந்நாட்டில் குதிரை நாளாகக் கொண்டாடப்படுவதால், அதையொட்டி அஷ்காபாத்தில் இருந்தால் பந்தயங்களைக் காணலாம். அந்த நாள்களில் செல்ல விரும்பினால் சனவரியிலேயே அழைப்புக் கடிதத்துக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.