பிடி பருத்தி விதை அசலா என்பதை ஸ்ட்ரிப் வைத்துக் கண்டுபிடிக்கலாமா?

கண்டுபிடிக்கலாம். பிடி பருத்தி என்பது காய்ப்புழுவைக் கொல்லும் புரதத்தைத் தானே உண்டாக்கும்படி ஜீன் சேர்த்த பருத்தி; ஸ்ட்ரிப் என்பது அந்தப் புரதம் இருந்தால் கோடு காட்டும் சோதனைப் பட்டை. ஆனால் ஒரு கை விதையை மிக்சியில் அரைத்து அதில் ஸ்ட்ரிப்பை விட்டால் பிரயோஜனம் இல்லை. நூறில் பத்து விதை பிடியாக இருந்தாலே கோடு விழுந்துவிடும். சாதா விதைக்குள் பிடி கலந்திருக்கிறதா என்று தேடுபவருக்குத்தான் மொத்தமாக அரைப்பது உதவும். பிடி என்று வாங்கிய பாக்கெட்டில் சாதா விதை இருக்கிறதா என்ற சந்தேகம் இதற்கு நேர்மாறு என்பதால் விதைவிதையாகப் பார்க்க வேண்டும்.

ஸ்ட்ரிப் பிடிப்பது புரதத்தை, ஜீனை அல்ல. இந்தியாவில் 2002-ல் வந்த போல்கார்டு என்ற பிடி வகையில் கிரை 1ஏசி என்ற புரதம் மட்டும்தான். 2006-ல் வந்த போல்கார்டு 2-ல் அதோடு கிரை 2ஏபியும் உண்டு. இப்போது விற்பது இரண்டாவது வகை. எனவே இரண்டு புரதத்துக்கும் தனித்தனிக் கோடு காட்டும் ஸ்ட்ரிப் வாங்குங்கள்.

பாக்கெட் விதையில் மருந்துப் பூச்சும் எண்ணெயும் இருப்பதால் ஸ்ட்ரிப் அடைத்துக்கொள்ளும். ஈரத்துணியில் முளைக்க வைத்து, விதையிலை விரிந்ததும் சோதிப்பது சுலபம். நாற்றுக்கு நம்பர் போடுங்கள். 1.5 மி.லி. எப்பன்டார்ஃப் குழாயின் (மூடியுள்ள சின்ன பிளாஸ்டிக் குழாய்) வாயில் இலையை வைத்து மூடியை அழுத்தினால் வட்டமாக ஒரு துண்டு உள்ளே விழும்; இரண்டு துண்டு போதும். கிட்டில் வரும் கரைசல் 0.5 மி.லி. விட்டு (அளவு கிட்டுக்குக் கிட்டு கொஞ்சம் மாறும்), சாறு பச்சையாக வரும்வரை அரை நிமிடம் நசுக்கி, ஸ்ட்ரிப்பின் அடிநுனியை மட்டும் நனையவிடுங்கள். பத்து நிமிடத்தில் படித்துவிட வேண்டும். காய்ந்த பிறகு தெரியும் கோடு கணக்கில்லை. கோடு மங்கலாக இருந்தாலும் பாசிட்டிவ்தான். ஸ்ட்ரிப் வேலை செய்கிறது என்பதைக் காட்ட எப்போதும் விழ வேண்டிய கண்ட்ரோல் கோடே வராவிட்டால் அந்த ஸ்ட்ரிப் செல்லாது.

அதிகம் தவறுவது இரண்டு இடத்தில். ஒரே குச்சியால் அடுத்த இலையையும் நசுக்கினால் முந்தைய சாறு ஒட்டி பொய் பாசிட்டிவ் வரும். ஃபிரிட்ஜில் இருந்த ஸ்ட்ரிப் டப்பாவைக் குளிர் போவதற்குள் திறந்தால் ஈரம் கோத்து ஸ்ட்ரிப் கெடும். ஒப்பிட்டுப் பார்க்க, சாதா பருத்தி என்று உறுதியாகத் தெரிந்த ஒரு இலையையும் சேர்த்தே சோதியுங்கள்.

குறைந்தது 60 விதை பாருங்கள். 100-க்கு 5 விதை வேறு ரகமாக இருந்தால் அதில் ஒன்றாவது கண்ணில் பட 95 சதவீத வாய்ப்புக்கு 59 விதை வேண்டும். பிறகு நெகட்டிவ் எத்தனை என்பதைவிட எப்படிப்பட்ட நெகட்டிவ் என்று கவனியுங்கள். 475 கிராம் பாக்கெட்டுக்குள்ளேயே புகலிட விதை, அதாவது புழு பிடி புரதத்துக்குப் பழகிவிடாமல் இருக்கச் சேர்க்கும் சாதா விதை, கலந்து வருகிறது. 60-ல் மூன்று நான்கு நாற்றில் இரண்டு கோடும் இல்லாமல் போவது சகஜம். ஒரு கோடு மட்டும் விழும் நாற்று நிறைய இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். வீரிய ஒட்டில் காய்த்த பருத்தியின் விதையை எடுத்து மறுபடி பாக்கெட் போட்டால் இரண்டு ஜீனும் தனித்தனியாகப் பிரியும்: 16 நாற்றில் 9-ல் இரண்டும், 3-ல் ஒன்று மட்டும், 3-ல் மற்றது மட்டும், 1-ல் எதுவும் இல்லை. அதாவது 60-ல் சுமார் 22 ஒற்றைக்கோட்டு நாற்று. இந்தக் கணக்கு போலிப் பாக்கெட்டை லேசில் காட்டிக்கொடுத்துவிடும்.

வயலில் வளர்ந்த செடி என்றால் உச்சியில் புதிதாக விரிந்த இலையை எடுங்கள். வயது ஏற ஏற கிரை 1ஏசி குறையும். சுமார் 110 நாளுக்குப் பிறகு பச்சைக் காய்ப்புழுவைக் கொல்லத் தேவையான கிராமுக்கு 1.9 மைக்ரோகிராமுக்கும் கீழே இறங்கலாம். புரதம் எவ்வளவு இருக்கிறது என்று தெரிய எலைசா என்ற ஆய்வகச் சோதனை வேண்டும். அதிலும் இரண்டு புரதத்துக்கும் சாற்றை ஒரே அளவு நீர்க்கச் செய்தால் சரிப்படாது; 2ஏபி பல மடங்கு அதிகம் இருக்கும். சுத்திகரித்த பருத்தி எண்ணெயில் புரதமே அநேகமாக இல்லை, அங்கே ஸ்ட்ரிப் வீண்.

இன்னொன்று: புழு விழுந்ததை வைத்து விதை போலி என்று முடிவு கட்டாதீர்கள். இளஞ்சிவப்புக் காய்ப்புழு இந்தியாவில் இரண்டு புரதத்துக்கும் பழகிவிட்டது. கோடு பளிச்சென்று விழும் செடியிலும் அது காயைக் குடையும். தத்துப்பூச்சி, வெள்ளை ஈக்கு இந்தப் புரதங்கள் முதலிலிருந்தே ஒன்றும் செய்யாது. புகார் கொடுப்பதாக இருந்தால் பில்லையும், மீதி விதையை அதே பாக்கெட்டிலும் பத்திரமாக வையுங்கள். ஆய்வகத்தில் ஜீனையே தேடும் பிசிஆர் சோதனை செய்ய அதுதான் தேவைப்படும்.