மயிலாத்தாள் பேத்தி மயூரி: ஒரு பெயரைப் பற்றிக் கேள்வி பதில்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் முப்பது வருஷம் தமிழாசிரியராக இருந்தவன் நான். ஜூன் பிறந்தால் சேர்க்கைப் பதிவேட்டில் பிள்ளைகளின் பெயரை எழுதும் வேலை என் தலையில்தான் விழும். தமிழ்ப் பெயரை மலையாளத்திலும் எழுதி இங்கிலீஷிலும் எழுதி, அப்பா பெயர், தாத்தா பெயர் வரை விசாரித்து எழுதுவேன். அப்படிப் பிடித்த பைத்தியம் இது. 'மயில்' என்று தொடங்கும் பெயர்களைப் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

பொள்ளாச்சியிலிருந்து ஒரு தம்பி: ஐயா, பொண்ணு பொறந்தா அப்பத்தா பேரை, மயிலாத்தாள்னு வெக்கோணும்ங்கறாரு எங்கப்பா. வீட்டுக்காரம்மா மயூரின்னு வெக்கலாம்ங்கறாங்க. ரெண்டும் ஒண்ணுதானுங்களே?

பொருள் ஒன்றுதான் தம்பி, வந்த பாதை வேறு. மயில் என்பது தமிழிலும் மலையாளத்திலும் அதே சொல். கன்னடத்தில் நவிலு, தெலுங்கில் நெமலி. வடமொழியில் மயூரம். அந்த மயூரம் ரிக் வேதத்திலேயே இருக்கிறது. இந்திரனுடைய குதிரைகளின் மயிருக்கு மயிலை உவமை சொல்கிறார்கள். ஆனாலும் அது வடமொழிக்குச் சொந்தச் சொல் இல்லை, வெளியிலிருந்து வந்தது என்றுதான் மொழி ஆராய்ச்சிக்காரர்கள் பலர் கருதுகிறார்கள். திராவிட மொழியிலிருந்து போனதா, கிழக்கே பழங்குடிகள் பேசும் முண்டா மொழிகளிலிருந்து போனதா என்பதில்தான் சண்டை. திராவிடக் கட்சி சொல்வது சரியென்றால், உங்கள் மனைவி கேட்கும் மயூரி நம் ஊர்ச் சரக்குதான். வடக்கே போய்ப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு திரும்பியிருக்கிறது. இதை அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள், கொஞ்சம் இறங்கி வருவார்.

என் கட்சி எது என்று கேட்டால், வெறும் 'மயில்'. மூன்று எழுத்து. ஆத்தாளும் வேண்டாம், ஊரியும் வேண்டாம்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு அம்மிணி: நம்ம பக்கம் மட்டும் எதுக்குங்க மயில்சாமி, மயிலாத்தாள், மயிலாள்னு இத்தனை பேரு?

நம்ம பக்கம் மட்டும் என்று சொல்ல முடியாது அம்மிணி. ஆனால் அடர்த்தி இங்கே அதிகம், அதற்குக் காரணம் பழனி. பாலக்காட்டிலிருந்து கொல்லங்கோடு, முதலமடை, பொள்ளாச்சி வழியாகப் பழனிக்கு ரயிலிலேயே போய்விடலாம். மலையாளிகளும் முடியிறக்கப் போகும் மலை அது. பிள்ளை தங்காத வீட்டில் பழனியாண்டவனுக்கு நேர்ந்துகொள்வார்கள். பிறந்தது ஆணானால் பழனிச்சாமி, வேலுச்சாமி, மயில்சாமி. பெண்ணானால் முருகனின் பெயரை அப்படியே வைக்க முடியாதே, அதனால் வாகனத்தின் பெயர். பதிவேட்டில் ஒரே வீட்டு அண்ணன் தங்கை, பழனிச்சாமி – மயிலாத்தாள் என்று அடுத்தடுத்த வருஷங்களில் சேர்ந்ததை நானே எழுதியிருக்கிறேன்.

அதற்கு முன்பே அந்த மலைக்கும் மயிலுக்கும் பழக்கம். குளிரில் மயில் நடுங்குகிறது என்று தன் போர்வையைக் கொடுத்த பேகன் பழனி மலைப் பக்கத்துத் தலைவன்தான். வையாவிக் கோப்பெரும் பேகன் என்று புறநானூறு சொல்கிறது. மயில் நடுங்கியதா, ஆடியதா என்று மாணவர்கள் கேட்பார்கள். ஆடியதைத்தான் அவன் நடுக்கம் என்று நினைத்தான் என்பவர்களும் உண்டு. மயிலுக்குப் போர்வை போட்டவன் கட்டிய மனைவி கண்ணகியைத் தவிக்கவிட்டிருக்கிறான். அதற்காகப் பரணரும் கபிலரும் வாசலில் நின்று கடிந்து பாடிய பாட்டுகளும் அதே புறநானூற்றில் இருக்கின்றன. பாடப் புத்தகத்தில் போர்வை மட்டும்தான் வரும்.

கோபாலபுரம் சோதனைச் சாவடிப் பக்கத்திலிருந்து: ஆண் மயிலுக்குத்தானே தோகை? பெண் மயில் பழுப்பா, கோழி மாதிரி இருக்கும். பெண்ணுக்கு மயில்னு பேர் வெச்சவங்க இதைப் பார்க்கலீங்களா?

பார்த்தார்கள், நன்றாகவே பார்த்தார்கள். தொல்காப்பியம் மரபியலில் ஒரு சூத்திரம். சிறகுள்ளவற்றில் ஆணையெல்லாம் சேவல் என்று சொல்லலாம், மயிலைத் தவிர என்கிறது. கொக்குச் சேவல், குயிற் சேவல் சரி. மயிற் சேவல் என்று சொல்லக்கூடாதாம். ஏன் என்பதற்குப் பேராசிரியர் என்னும் பழைய உரைகாரர் எழுதுகிறார்: தோகையும் சாயலுமாக அது பெண்ணைப் போல இருப்பதால்.

ஆக ஆண் மயிலைப் பார்த்துத்தான் பெண்ணின் நினைவு வந்திருக்கிறது. விரிந்த கூந்தலுக்குத் தோகை, நடைக்கும் நிற்கும் அழகுக்குச் சாயல். காமத்துப்பாலின் முதல் குறளில் (1081) ஒருவன் எதிரே நிற்பவளைப் பார்த்து, தெய்வமா, மயிலா, பெண்தானா என்று தடுமாறுகிறான். அங்கே வரும் மயிலைப் பழுப்புக் கோழி என்று யாரும் படிப்பதில்லை.

முதலமடையிலிருந்து: மாஷே, மயிலம்மா என்பது தமிழ்ப் பெயரா, மலையாளப் பெயரா? பஞ்சாயத்து ஆபீசில் இதை வைத்து ஒரு வாக்குவாதமே நடந்தது.

இந்தப் பக்கத்தில் அந்தக் கேள்விக்கு விடை கிடையாது. சித்தூர் கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது, பாலக்காடு சென்னை மாகாணத்து மலபார் ஜில்லாவில் இருந்தது, 1956 நவம்பர் 1இல் எல்லாம் கேரளா ஆயிற்று. பெயர்கள் அப்படியேதான் இருந்தன. மயில் இரண்டு மொழிக்கும் பொது, அம்மா இரண்டு மொழிக்கும் பொது. 'ஆத்தாள்' என்று முடிந்தால் கொங்குத் தமிழ் என்று அடித்துச் சொல்லலாம், அவ்வளவுதான்.

இந்தப் பெயரை உலகத்துக்குத் தெரியவைத்தவர் நம் பெருமாட்டிப் பஞ்சாயத்து பிளாச்சிமடையின் மயிலம்மா. எரவாளர் பழங்குடிப் பெண். அங்கே வந்த குளிர்பான ஆலை நிலத்தடி நீரை உறிஞ்சியது. ஊர்க் கிணற்றுத் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் ஆகாமல் போயிற்று. 2002 ஏப்ரலில் ஆலை வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தவர்களில் அவர் முன்னணி. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. 2007 ஜனவரியில் அவர் காலமானார். அவரைத் தமிழச்சி என்பதா மலையாளி என்பதா என்று பஞ்சாயத்து ஆபீசில் யாராவது கேட்டால், பந்தலில் அவர்கள் இரண்டு பாஷையையும் கலந்துதான் பேசினார்கள் என்று சொல்லுங்கள்.

இரண்டு பாஷைப் பிள்ளைகளுக்கும் மயிலிறகைப் புத்தகத்துக்குள் வைத்தால் குட்டி போடும். மலையாளப் பிள்ளைகள் வானத்துக்குக் காட்டக்கூடாது என்பார்கள். நான் தணிக்கை செய்த நோட்டுகளில் இறகு இருந்ததுண்டு, குட்டியைப் பார்த்ததில்லை.

வேலந்தாவளத்திலிருந்து ஒரு தாயார்: பையன் பேரு மயில்வாகனன். ஸ்கூல்ல கிண்டல் பண்றாங்கன்னு அழறான். மாத்திடலாமா சார்?

எந்தக் கிண்டல் என்று எழுதாவிட்டாலும் தெரியும். 'ல்' இருக்க வேண்டிய இடத்தில் 'ர்' போடுகிறார்கள். தமிழில் அது வசவு என்றால் மலையாளத்தில் காது பொத்த வேண்டிய வசவு. எல்லைப்புறப் பள்ளிகளில் இந்தப் பெயர் குறைந்ததற்கு நாகரிகம் ஒரு காரணம், இந்தக் கிண்டல் இன்னொரு காரணம் என்றே நினைக்கிறேன்.

ஐந்தாம் வகுப்பில் ஒரு மயிலாத்தாள் இருந்தாள். ஒரு நாள் வருகைப் பதிவேட்டில் அவள் பெயரில் யாரோ பேனாவால் ஓர் எழுத்தைத் திருத்தியிருந்தார்கள். நான் யாரென்று விசாரிக்கவில்லை. அந்தப் பிள்ளையையே கூப்பிட்டுச் சுண்ணக்கட்டியைக் கொடுத்து, போர்டில் பெயரைப் பெரிதாக எழுதி மேலே ஒரு கொண்டை போடச் சொன்னேன். 'ம'வுக்கு மேல் மூன்று கோடு போட்டாள். அதற்குப் பிறகு அவள் நோட்டு அட்டையிலெல்லாம் கொண்டை வைத்த 'ம'தான். கிண்டல் ஒரேயடியாக நின்றது என்று சொல்ல மாட்டேன், பிள்ளை அழுவது நின்றது.

மாற்ற வேண்டாம் தாயி. 'யாழ் நூல்' எழுதிய தமிழறிஞர் விபுலாநந்த அடிகளுக்குப் பிள்ளைப் பெயர் மயில்வாகனன். பையனிடம் சொல்லுங்கள்.

கோயம்புத்தூரிலிருந்து: மயில்சாமி அண்ணாதுரையின் பெயரில் மயில்சாமி யார்?

அவருடைய அப்பா. விஞ்ஞானியின் பெயர் அண்ணாதுரை. 1958இல் பொள்ளாச்சிப் பக்கம் கோதவாடியில் பிறந்தவர், சந்திரயான்-1இன் திட்ட இயக்குநர். ம. அண்ணாதுரை என்றிருந்தால் ஓர் எழுத்தோடு போயிருக்கும். முன்னெழுத்தை விரித்து எழுதப்போய்க் கோதவாடி மயில்சாமியின் பெயர் நிலா வரைக்கும் போயிற்று. கேரளத்து அலுவலகங்களில் இப்படிப்பட்ட பெயர்களில் முதலில் இருப்பதையே சொந்தப் பெயராக எடுத்துக்கொள்வார்கள். அப்பா பெயரில் சம்பளம் வாங்கிய ஆட்களை எனக்குத் தெரியும்.

எருத்தேன்பதியிலிருந்து ஒரு விவசாயி: நிலக்கடலை, தக்காளி எதையும் மிச்சம் வெக்கறதில்லை. இதோட பேரைப் போயி பிள்ளைக்கு வெக்கறதுங்களா?

உங்கள் வயிற்றெரிச்சல் புரிகிறது அண்ணே. 1933இல் சாலிம் அலி திருவிதாங்கூர் – கொச்சிப் பறவைகளைக் கணக்கெடுத்தபோது மயில் அகப்படவில்லை. இப்போது கேரளம் நெடுக அகவுகிறது. மழை ஊரில் மயில் பெருகினால் ஊர் காய்கிறது என்று அர்த்தம் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். பாலக்காட்டுக் கணவாயின் வறண்ட காற்று படும் நம் பக்கத்துக்கு அது பழைய விருந்தாளி. ஆலத்தூர்ப் பக்கம் சூலன்னூரில் மூன்றரைச் சதுர கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக மயிலுக்கென்றே ஒரு சரணாலயம். காவச்சேரிக்காரரான பறவையாளர் கே.கே. நீலகண்டன் (இந்துசூடன்) நினைவாக வைத்தது.

1963இலிருந்து தேசியப் பறவை, 1972 வனவிலங்குச் சட்டத்தில் முதல் பட்டியல். அடித்தால் ஜெயில். விரட்டத்தான் முடியும். மயிலாத்தாள் என்று பெயர் வைத்த பாட்டனும் விரட்டியிருப்பான், கும்பிட்டுக்கொண்டே விரட்டியிருப்பான்.

சென்னையிலிருந்து ஒரு பெண்: இந்தப் பெயர் இப்போது எங்கேயாவது புழக்கத்தில் இருக்கிறதா? கேட்டாலே '16 வயதினிலே' ஸ்ரீதேவிதான் நினைவுக்கு வருகிறார்.

1977இல் அந்தப் படம் வந்த பிறகு 'மயிலு' என்று கூப்பிட்டால் சிரிக்காத ஆள் இல்லை. படத்தால் பெயர் எல்லார் வாயிலும் வந்தது, ஆனால் தொட்டிலுக்கு வந்த மாதிரி என் பதிவேட்டில் தெரியவில்லை. மயிலாத்தாள்கள் பாட்டிகளாக இருக்கிறார்கள். பாட்டன் பெயரைத் தாங்குவதால்தான் பேரன் என்பார்கள். அந்தப் பழக்கம் தளர்ந்ததும் ஒரு தலைமுறை விட்டு வந்துகொண்டிருந்த மயில்சாமியும் நின்றுபோனார். புதிதாக வருவது மயூரி, மயூரா, தனித்தமிழ்க்காரர்கள் வீட்டில் மயில்விழி. ஈழத்துப் பக்கம் மயூரன் நிறைய. ஊர்ப் பெயர்களில் மட்டும் பறவை அசையவில்லை. உங்கள் மயிலாப்பூர் இருக்கிறது. மாயவரம் 1982இல் மறுபடியும் மயிலாடுதுறை ஆயிற்று.

சில்லறைக் கேள்விகள், சேர்த்து:

அன்னம்மா அன்னப் பறவையா? கேரளத்துக் கிறிஸ்தவ வீடுகளில் இல்லை. அது மாதாவின் தாயார் அன்னாள் பெயர். அன்னபூரணியிலும் பறவை கிடையாது, சோறுதான் இருக்கிறது.

சீவக சிந்தாமணியில் வரும் காந்தருவதத்தையின் பெயரில் இருப்பது கிளியா? தத்தை என்றால் தமிழில் கிளி, மலையாளத்தில் தத்த. ஆனால் இந்தப் பெயரில் இருப்பது வடமொழி 'தத்தா', கொடுக்கப்பட்டவள். கிளி என்று நினைத்துப் பெயர் வைத்திருந்தால் அப்படியே இருக்கட்டும், ஒன்றும் குறைந்துவிடாது.

எந்த நட்சத்திரத்துக்கு மயில்? மா, மீ, மூ, மே மகத்துக்கு என்று பஞ்சாங்கம் சொல்லும். 'ம' வந்தால் போதும் என்று சமாதானம் செய்துகொள்பவர்களே அதிகம்.

பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் பிறந்து பொள்ளாச்சியில் வளரும் பிள்ளைக்குப் பெயர் எங்கே பதிய வேண்டும்? பிறந்த ஊரில்தான். பிறப்பை 21 நாளுக்குள் பதியவேண்டும், பெயரை 12 மாதம் வரை கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம், அதன்பின் தாமதக் கட்டணத்தோடு 15 வருஷம் வரை. இங்கிலீஷ் எழுத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள். கவுண்டரில் விட்டால் 'மைல்' என்று படிக்கும்படி ஆகிவிடும். கடிதம் போடுகிற 'மெயில்' ஆனதையும் நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, பொள்ளாச்சித் தம்பியே மறுபடியும்: உங்க வீட்டுல யாருக்காச்சும் இந்தப் பேரு உண்டுங்களா?

என் அம்மா மயிலாத்தாள். கல்யாணச் சீராக வந்த பித்தளைக் குடத்தில் பேர் வெட்ட அப்பா கொண்டுபோனார். எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி. உளியை வைத்துப் புள்ளி புள்ளியாக அடித்தவர் ஆறு எழுத்து ஆகும் என்றாராம். அப்பா யோசித்துவிட்டு மூன்று போதும் என்றார். குடத்தின் கழுத்தில் 'மயில்' என்று மட்டும் இருக்கிறது. அது இப்போது என் மகள் வீட்டில், பாலக்காட்டில். மகளுக்கு நான் வைத்தது பறவைப் பெயர் இல்லை. 1984இல் எனக்கும் புதுப் பெயர் ஆசைதான்.