அந்தரத்தில் நின்றால் சென்னை வருமா?

கேள்வி: பூமி மணிக்கு 1,600 கி.மீ. வேகத்தில் சுழல்கிறதாம். அப்படியென்றால் டெல்லியில் ஹெலிகாப்டரில் ஏறி அந்தரத்தில் சும்மா நின்றால் போதாதா, கீழே சென்னை தானாக வந்து சேராதா? விமான டிக்கெட் எதற்கு? பூமி சுழலவே இல்லை என்று வாதாடும் ஒரு வீடியோவில் பார்த்துவிட்டு இதைக் குடும்பக் குரூப்பில் போட்டேன். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நீங்களாவது மழுப்பாமல் பதில் சொல்லுங்கள்.
– ஒரு வாசகர், மயூர் விஹார், டெல்லி

பதில்: வராது. நீங்கள் சொல்கிறபடியே பூமி காலடியில் நழுவினாலும் வராது. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. சென்னை இருப்பதோ தெற்கே. உங்கள் கணக்குப்படி ஹெலிகாப்டருக்குக் கீழே வரவேண்டியது பிகானேர்ப் பக்கத்துப் பாலைவனம். அதையும் தாண்டினால் பாகிஸ்தான். பாஸ்போர்ட்டை மறக்காதீர்கள்.

கேள்வி உங்களுடையதுமல்ல, வீடியோக்காரருடையதுமல்ல. கி.பி. 499-ல் ஆரியபட்டர், ஓடத்தில் முன்னே போகிறவனுக்குக் கரையில் நிற்பவை பின்னே போவதாகத் தெரிவதுபோல, நிற்கும் விண்மீன்கள் மேற்கே நகர்வதாக நமக்குத் தெரிகின்றன என்று எழுதினார். அடுத்த நூற்றாண்டிலேயே இன்னொரு வானியல் அறிஞரான வராகமிகிரர் மடக்கினார்: பூமி சுழன்றால் வானத்தில் பறக்கும் பருந்து கூட்டுக்கு எப்படித் திரும்பும்? பருந்தை எடுத்துவிட்டு ஹெலிகாப்டரை வைத்ததுதான் வீடியோக்காரரின் சாதனை. ஆனால் வராகமிகிரரைக் குறை சொல்ல மாட்டேன். இதற்கு முழுப் பதில் கிடைக்க 1632-ல் கலிலியோ எழுதும்வரை உலகம் காத்திருந்தது. உங்களுக்கு அந்தச் சாக்கு கிடையாது. வீட்டு வாசலில் மெட்ரோ ஓடுகிறது.

புளூ லைனில் ஏறுங்கள். கூட்டமில்லாத மதிய வேளையாகப் பாருங்கள், காலையில் குதிக்க இடமிருக்காது. யமுனைப் பாலத்தில் வண்டி மணிக்கு 80 கி.மீ. சீராக ஓடுவதாக வைத்துக்கொள்வோம். நின்ற இடத்திலேயே ஒரு குதி. அரை நொடிக்குக் காலடியில் தரை இல்லை. அந்த அரை நொடியில் பெட்டி 11 மீட்டர் முன்னே போய்விடும். உங்கள் வாதம் சரியென்றால் நீங்கள் பாதிப் பெட்டி தூரம் பின்னால் போய் யார் மடியிலாவது விழவேண்டும். விழுவதில்லை, செருப்பு அதே இடத்தில்தான் பதிகிறது. குதிப்பதற்கு முன்பே அந்த 80 உங்களிடம் இருந்தது. கால் தரையை விட்டதும் அதைப் பிடுங்கிக்கொள்ள யாரும் வரவில்லை. பெட்டியைப் பொறுத்து நீங்கள் நிற்கிறீர்கள், ஆற்றங்கரையில் இருப்பவரைப் பொறுத்து ஓடுகிறீர்கள். எது நிஜம் என்று கேட்காதீர்கள், இரண்டும் நிஜம். இந்திரபிரஸ்தா நிலையத்தில் பிரேக் போடும்போது கைப்பிடியைத் தேடுகிறீர்களே, அப்போது உறைப்பது வேகம் அல்ல, வேகம் மாறுவது.

ஹெலிகாப்டர் கதையும் இதேதான். டெல்லியின் அட்சரேகையில் தரையின் வேகம் மணிக்குச் சுமார் 1,470 கி.மீ. ஹெலிபேடில் சும்மா நிற்கும்போதே வண்டிக்கும் அது உண்டு, சுற்றியிருக்கும் காற்றுக்கும் உண்டு. 'அந்தரத்தில் சும்மா' என்று எழுதினீர்களே, எதைப் பொறுத்துச் சும்மா என்று வீடியோக்காரரைக் கேளுங்கள். இந்தச் சுழற்சி வேகத்தை இஸ்ரோ காசாக்குகிறது: ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிழக்கு நோக்கி ஏவும் ராக்கெட்டுக்கு நொடிக்குச் சுமார் 450 மீட்டர் வேகம் இலவசம்.

இருந்தாலும் உங்கள் கேள்வியில் ஒரு பொறி இருக்கிறது, அதை அணைக்க எனக்கு மனமில்லை. சென்னை நிலநடுக்கோட்டுக்கு இன்னும் அருகில் இருப்பதால் அங்கே தரையின் வேகம் சுமார் 1,630 கி.மீ. டெல்லியில் கிளம்பும் விமானம் சென்னையில் இறங்குவதற்குள் கிழக்கு நோக்கிக் கூடுதலாக 160 கி.மீ. வேகத்தைச் சம்பாதித்தாக வேண்டும். சம்பாதிக்காவிட்டால் பாதை மேற்கே விலகிக்கொண்டே போகும். மூன்று மணி நேரப் பயணத்தில் இது துளித்துளியாக நடந்துவிடுகிறது. அதற்காக இறக்கை ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு சாய்ந்தாலே அதிகம். பயணிக்குத் தெரியாது, விமானிக்கும் பெரும்பாலும் தெரியாது. தெற்கிலிருந்து நிலநடுக்கோட்டைத் தாண்டி வரும் காற்று வலப்பக்கம் திரும்பி, ஜூனில் கேரளக் கரையில் தென்மேற்குப் பருவமழையாக இறங்குவதும் இதே காரணத்தால்தான்.

அதாவது நேராக, சீராகப் போகிறவனுக்குத் தன் வேகம் தெரிய வழியே இல்லை. சுழல்கிறவனுக்கு வழி உண்டு. 1851-ல் பாரிஸின் பாந்தியான் கட்டடத்தில் 67 மீட்டர் கம்பியில் 28 கிலோ குண்டைத் தொங்கவிட்டு பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபூக்கோ அதைக் காட்டினார். குண்டு ஆடும் திசை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. அதைத் தள்ளியவர் யாருமில்லை. அடியிலிருந்த தரைதான் திரும்பிக்கொண்டிருந்தது. அப்படி ஓர் ஊசல் உங்கள் ஊரிலேயே, 2023-ல் திறந்த புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் தொங்குகிறது. டெல்லியில் அது ஒரு முழு வட்டம் திரும்பச் சுமார் 50 மணி நேரம். சென்னையில் தொங்கவிட்டால் ஏறக்குறைய நாலரை நாள். நிலநடுக்கோட்டில் திரும்பவே திரும்பாது. பூமி சுழலவில்லை என்று அடம்பிடிக்கும் வீடியோக்காரர் அங்கே போய்க் குடியேறட்டும். ஊசல் அவர் பக்கம் பேசும் ஒரே இடம் அதுதான்.