வைஃபை முழுசா காட்டுகிறது, பேரன் முகம் ஏன் வரவில்லை?

கேள்வி: தேவகோட்டையில் எங்கள் வீட்டு முகப்பில் ரூட்டர் இருக்கிறது. அப்பத்தா வளவில் உட்கார்ந்து சிங்கப்பூர் பேரனோடு வீடியோ காலில் பேசுவார். சில நாள் படம் அப்படியே நின்றுவிடுகிறது. "வைஃபை ஃபுல்லா காட்டுதே, அப்புறம் ஏன் நெட் இல்லை?" என்கிறார். இரண்டாம் கட்டுக்குப் போனால் கோடே குறைந்துவிடுகிறது. என்ன செய்வது?

பதில்: நெட் என்றால் அந்தப் பெட்டிதான் என்று அப்பத்தா நினைப்பதில் தப்பில்லை. கண்ணுக்குத் தெரிவது அது ஒன்றுதானே. தபாலை வைத்துச் சொல்லிப் பாருங்கள், சட்டென்று பிடித்துக்கொள்வார். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வியாபாரம் செய்யப் போனவர்களின் கடிதம் கப்பலேறி வந்த காலத்தைக் கேட்டு வளர்ந்தவர் அவர். பேரன் முகமும் அப்படித்தான் வருகிறது: துண்டு துண்டாக, ஒவ்வொரு துண்டிலும் விலாசத்தோடு, அதே கடல் வழியாக. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே கடலடியில் சுமார் 3,200 கிலோமீட்டர் கேபிள் ஒன்றை 2002-இல் போட்டார்கள். சாட்டிலைட்டில் வருகிறது என்று பலர் சொல்வார்கள். நாடுவிட்டு நாடு போவதில் மிகப் பெரும்பகுதி இப்படிப்பட்ட கேபிள்களில்தான் போகிறது.

முகப்புப் பெட்டி வீட்டு வாசல் தபால்பெட்டி மாதிரி. போனில் தெரியும் கோடுகள், அப்பத்தா கையிலிருந்து அந்தப் பெட்டி வரைக்கும் சிக்னல் எப்படி இருக்கிறது என்பதைத்தான் சொல்லும். அதைத் தாண்டித் தெருவில் ஒயர் அறுந்திருந்தாலும் கோடு முழுசாகவே இருக்கும்.

ஆகவே படம் நின்றால் போனைப் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். அங்கேயும் வரவில்லையா? பெட்டியை அணைத்து, ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். ஃபைபர் இணைப்பு என்றால் எல்ஓஎஸ் என்ற விளக்கைப் பாருங்கள். அது சிவப்பாக எரிந்தால் கோளாறு பெரும்பாலும் வெளியே. இணைப்புக் கொடுத்தவர்களைக் கூப்பிடுங்கள். அதுவரை மொபைல் டேட்டாவில் பேசட்டும்.

இரண்டாம் கட்டில் குறைவது வேறு கதை. அங்கே தடை சுவர். நம் வீட்டுச் சுவர்களின் கனம் உங்களுக்குத் தெரியாததா! போனில் வைஃபை பெயர் இரண்டாகத் தெரிந்தால், கடைசியில் 5ஜி என்று இல்லாத பெயரைத் தேர்ந்தெடுங்கள். அது வேகம் குறைவு, ஆனால் சுவரை நன்றாகவே தாண்டும். அதுவும் போதாவிட்டால், பெட்டியிலிருந்து லேன் ஒயர் இழுத்து இரண்டாம் கட்டில் இன்னொரு சின்ன ரூட்டர் வைப்பதுதான் என் யோசனை. சிக்னலைப் பிடித்து மறுபடி அனுப்பும் ரிப்பீட்டரை வாங்காதீர்கள். அதுவும் அதே சுவரோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். ஒயருக்காகச் சுவரைத் துளைக்கவும் வேண்டாம். கதவு நிலையை ஒட்டியே கொண்டுபோய்விடலாம்.