காலையில் ஊதினாலும் காட்டும்: டி.டி. கேஸ் பற்றி வாசகர் கேள்விகள்

குடித்துவிட்டு வண்டி ஓட்டி டி.டி. (டிரங்க் அண்ட் டிரைவ்) வழக்கில் மாட்டியவர்களும் அவர்கள் வீட்டாரும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கே: இரவு 8 மணிக்கு ஆரம்பித்து ஒன்றரை குவார்ட்டர் குடித்தேன். நன்றாகத் தூங்கி எழுந்து, காலை 6 மணிக்குப் பைக்கில் பால் வாங்கப் போனபோது ஊதச் சொன்னார்கள். மெஷினில் 48 வந்தது. நிதானமாகத்தான் ஓட்டினேன். இது நியாயமா? (சேலம் வாசகர்)

மெஷின் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவின்படி, 100 மி.லி. ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தாலே குற்றம். எப்போது குடித்தீர்கள், தள்ளாடினீர்களா என்பதெல்லாம் கணக்கில் வராது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 180 மி.லி. குவார்ட்டரில் ஏறக்குறைய 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 65, 70 கிலோ எடையுள்ள ஆணுக்கு அது 100 மி.லி. ரத்தத்தில் 130 மில்லிகிராமைத் தொடும். ஒன்றரை என்றால் 200. கல்லீரல் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 15 அளவுதான் கரைக்கும். பத்து மணி நேரத்தில் 150 போனால் மீதி 50. உங்கள் சீட்டில் இருப்பது 48! ஆளுக்கு ஆள் இது கொஞ்சம் மாறும், ஆனால் காபி, மோர், எலுமிச்சைச் சாறு, தலைக்குக் குளியல் எதுவும் கல்லீரலை வேகப்படுத்தாது. ஏலக்காயும் பாக்கும் வாடையை மறைக்கும், மெஷினை ஏமாற்றாது. ‘ஒரே ஒரு பீர்தானே’ என்பவர்களுக்கும் சொல்கிறேன்: 5 சதவீத ஆல்கஹால் உள்ள 650 மி.லி. பாட்டிலை மடமடவென்று குடித்தால் அதுவே 30-ஐத் தாண்டிவிடும்.

என்னிடம் வருகிறவர்களில் காலையில் மாட்டியவர்கள்தான் அதிகம் உடைந்துபோகிறார்கள். ஒருவர் மகளைப் பள்ளியில் விடப் போகும்போது மாட்டினார். பெட்ரோல் டேங்க் மேல் புத்தகப்பையை வைத்துப் பிடித்துக்கொண்டு அந்தக் குழந்தை நின்றதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

கே: ஊத முடியாது என்று சொல்லலாமா?

வேண்டாம். மறுத்தால் 203-வது பிரிவின்படி வாரன்ட் இல்லாமலே கைது செய்யலாம். தக்க காரணம் இல்லாமல் மறுத்தது நீதிமன்றத்திலும் உங்களுக்கு எதிராகவே நிற்கும். புதுக் குழாய் மாட்டச் சொல்லுங்கள், ஊதுவதற்கு முன் மெஷினில் பூஜ்யம் இருக்கிறதா என்று பாருங்கள், சீட்டு வாங்குங்கள். மவுத்வாஷ் அல்லது ஆல்கஹால் கலந்த சிரப் சாப்பிட்டிருந்தால் உடனே சொல்லி, 15 நிமிடம் கழித்து இன்னொரு முறை ஊத அனுமதி கேளுங்கள். அப்புறமும் சந்தேகம் இருந்தால் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம்.

கே: ஸ்பாட் ஃபைன் கட்டி முடித்துவிடலாமா? வெளிநாட்டு வேலைக்காகப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

ஹெல்மெட் போடாததற்குக் கட்டுவது போல இதை ரோட்டிலேயே கட்டி முடிக்க முடியாது, நீதிமன்றம் போயாக வேண்டும். முதல் முறை என்றால் ரூ.10,000 அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடியும் மாட்டினால் ரூ.15,000, சிறை 2 ஆண்டு வரை. 2019-ல் சட்டத்தைத் திருத்தும் முன் முதல் முறைக்கு ரூ.2,000 வரைதான் இருந்தது. பழைய நினைப்பில் வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் அது தண்டனைதான். தண்டனை பெற்றதுண்டா என்று எந்தப் படிவமாவது கேட்டால் மறைக்காதீர்கள். தண்டனை விதிக்கும்போது குறைந்தது 6 மாதம் லைசென்ஸை நிறுத்திவைக்கவும் சட்டம் சொல்கிறது. டிரைவர் வேலை செய்பவருக்கு அது ஆறு மாதச் சம்பளம். பாஸ்போர்ட்டைப் பொறுத்தவரை, கட்டி முடித்த அபராதத்தைவிட நிலுவையில் கிடக்கும் வழக்குதான் தொல்லை. வழக்கை முடியுங்கள், முடியாவிட்டால் நீதிமன்ற அனுமதி வாங்கி விண்ணப்பியுங்கள்.

கே: ஓட்டியது நண்பன். பின்னால் உட்கார்ந்த என் மீதும் வழக்கு. சரியா?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 188-வது பிரிவு, தூண்டியவருக்கும் அதே தண்டனை என்கிறது. சென்னைப் போலீஸ் 2022 அக்டோபரிலிருந்து இதைக் கடுமையாகக் கையில் எடுத்தது. சும்மா உட்கார்ந்திருந்ததே தூண்டுதல் ஆகாது என்பது என் கருத்து, அதை நீதிமன்றத்தில் வாதாடலாம். ஆனால் குடித்திருக்கிறான் என்று தெரிந்தே சாவியைக் கொடுத்தது நீங்கள் என்றால் வாதம் நிற்காது.

கே: என் தம்பி குடித்துவிட்டு என் காரை ஓட்டி, சாலையில் நடந்து போனவர் மீது மோதிவிட்டான். அவர் இறந்துவிட்டார். இன்சூரன்ஸ் இருக்கிறதே, போதாதா? (திருச்சி வாசகர்)

போதாது. காரின் சேதத்துக்கு கம்பெனி பணம் தராது, பாலிசியிலேயே அப்படித்தான் எழுதியிருக்கும். ஊதும் பரிசோதனையே நடக்காவிட்டாலும், குடித்திருந்ததை வேறு சாட்சியங்களால் நிரூபித்து க்ளெய்மை மறுக்கலாம் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இறந்தவர் குடும்பத்துக்கான இழப்பீடு வேறு விஷயம். கம்பெனி முதலில் கொடுத்துவிட்டு, அதை உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்றுதான் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்கள் பெரும்பாலும் உத்தரவிடுகின்றன. உரிமையாளர் நீங்கள்.

தம்பி மீது பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 106-வது பிரிவு வரலாம், 5 ஆண்டு வரை சிறை. கொலையாகாத மரணம் என்று 105-க்குப் போனால் தண்டனை இன்னும் கூடும். 2006-ல் மும்பை கார்ட்டர் சாலையோரம் தூங்கிய 7 பேர் இறந்த வழக்கில், குடித்து ஓட்டியவருக்குப் பழைய சட்டத்தில் கொலையாகாத மரணம் என்ற குற்றத்துக்குத்தான் தண்டனை உறுதியானது.

தீர்ப்பாயத்திலிருந்து நோட்டீஸ் வந்தால் கம்பெனி வக்கீல் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள், இந்த வழக்கில் அவர் உங்களுக்கு எதிர்ப்பக்கம். ஆர்.சி., பாலிசி, எஃப்.ஐ.ஆர். நகல் மூன்றையும் எடுத்துக்கொண்டு, முதல் வாய்தாவுக்கு முன்பே உங்களுக்கென்று ஒரு வக்கீலைப் பாருங்கள்.