அரிட்டாபட்டி மலைகளை ஒரு நாளில் நடந்து பார்க்க விரும்புகிறேன். அங்குள்ள பறவைகளுக்கு இடையூறு தராமல் எப்படிப் பார்ப்பது?

மதுரையிலிருந்து மேலூர்ப் பக்கமாகப் பலமுறை அங்கே சென்று வந்தவன் என்பதால் எழுதுகிறேன். அரிட்டாபட்டி உழவும் ஆடு மேய்ப்பும் நடக்கும் ஊர். அதைச் சுற்றுலாத் தலமாக நினைத்துக்கொண்டு போக வேண்டாம். அங்கும் பக்கத்து மீனாட்சிபுரத்திலுமாக 193.215 ஹெக்டேர் நிலம், 2022 நவம்பரில், தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது.

இங்கே 250 வகைப் பறவைகள் பதிவாகியிருந்தாலும், மலையின் சிறப்பு லகர் வல்லூறு, ஷாகின் வல்லூறு, ராஜாளி போன்ற வேட்டைப் பறவைகள்தாம். இவை செங்குத்துப் பாறையின் விளிம்புகளில், பெரும்பாலும் தை மாதத்தை ஒட்டிய கோடைக்கு முந்தைய காலத்தில், கூடு வைக்கின்றன. ஆள் நெருங்கினால் தாய்ப்பறவை எழுந்துவிடும். அது திரும்பும்வரை முட்டையும் குஞ்சும் வெயிலில் காய வேண்டியதுதான். படம் எடுக்கும் ஆசையில் நானே ஒருமுறை பாறைச் சரிவில் ஏறியபோது, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், "தம்பி, அது குஞ்சோட இருக்கு, இறங்கி வாங்க" என்று கீழிருந்து குரல் கொடுத்தார். அன்றிலிருந்து கண்மாய்க் கரையில் உட்கார்ந்து தொலைநோக்கி வழியாகப் பார்ப்பதே என் வழக்கம். வெயில் ஏறிப் பாறை சூடான பிறகு பறவைகள் இறக்கையடிக்காமல் காற்றில் வட்டமிடுவதை அங்கிருந்தே நன்றாகப் பார்க்கலாம்.

டிரோன் கொண்டு போகாதீர்கள். பறவைகள் மிரளும் என்பது ஒருபுறமிருக்க, இந்தப் பகுதியில் டங்ஸ்டன் கனிமம் தோண்டுவதற்கான சுரங்க ஏலத்தை எதிர்த்து இவ்வட்டார மக்கள் திரண்டு போராடி, 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு அதை ரத்து செய்த பிறகு, மலையை யாராவது அளப்பதுபோலத் தோன்றினாலே ஊரார் விசாரிப்பார்கள், அது நியாயமும்கூட.

கழிஞ்சமலையில் உள்ள தமிழி (பழைய தமிழ்-பிராமி எழுத்து) கல்வெட்டையும், சமணத் துறவிகளுக்காகப் பாறையில் வெட்டப்பட்ட படுக்கையையும் அவசியம் பாருங்கள். எழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று சுண்ணாம்போ மாவோ தடவுவது வேண்டாம். காலைச் சாய்வு வெளிச்சத்தில் எழுத்துகள் தாமாகவே துலங்கும். சுனைகளில் சோப்புப் போட்டுக் குளிக்காதீர்கள். ஆட்டுக்கும் பறவைக்கும் அதுவே குடிநீர். போனதும் ஊர்க்காரர் ஒருவரிடம் சொல்லிவிட்டு நடந்தால், எந்தப் பாறையில் இந்த ஆண்டு கூடு இருக்கிறது, எந்தப் பக்கம் போகக்கூடாது என்பதை அவரே சொல்லிவிடுவார்.